வந்தனம் என்றே போட்டிருக்கலாம்

3 மார்ச் 2025, திங்கள்

இரத்தப் பரிசோதனை நல்லபடியாக வந்திருக்கிறது. நர்ஸ் ஷரீஃபா சிரித்துக்கொண்டே சீட்டை நீட்டினாள். கூடவே பம்ளிமாஸ் பழத்தைத் தொடவே கூடாது என்று மறுபடியும் எச்சரித்தாள், மாத்திரைக்கு ஆகாதாம். பிறந்ததிலிருந்து நான் விரும்பித் தின்னாத பழம். இப்போது கடையில் பார்த்தால் நாக்கு ஊறுகிறது.

கோலாலம்பூரில், கே.எல். ஆஸ்பத்திரியில், சிறுநீரகம் மாற்றி நான்கு மாதம் ஆகப்போகிறது. கூட்டத்துக்குப் போகக் கூடாது, கோயில் கூடாது, மீன் வாங்கும் பாசார்கூடக் கூடாது. பாயான் பாரு ஃபேக்டரியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவள் நான். மைக்ராஸ்கோப்பில் சர்க்யூட் போர்டைப் பார்த்துப் பார்த்துக் குறை கண்டுபிடித்தே பழகிய கண். இப்போது வீட்டில் உட்கார்ந்து, என் வீட்டுக்காரர் மடித்து வைக்கும் துணியில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன். பாவம், அவர்தான் தாங்க முடியாமல் தன் நண்பர் நாச்சியப்பன் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். "அவளுக்கு எதாச்சும் வேலை குடுங்கண்ணே. இல்லன்னா நான் வீட்ட விட்டு ஓடிடுவேன்."

நாச்சியப்பன் அண்ணனுக்கு பினாங்கு ஸ்ட்ரீட்டில் ஆடிட்டர் ஆபீஸ். ஆபீஸ் முடிந்தால் பழைய பத்திரிகைதான் அவருக்கு உலகம். மலாயாவில் அச்சான பழைய தமிழ்த் தாள்கள், மாத இதழ்கள் எல்லாவற்றையும் படமெடுத்துக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள் அவரும் நண்பர்களும். இப்போது ஆளுக்கு ஒரு சொல் கொடுக்கிறார்கள். அந்தச் சொல் எங்கெல்லாம் வருகிறது, யார் எதற்காக எழுதினார், எந்த ஆண்டு என்று தேடி எடுத்துத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும்.

எனக்கு 'சினிமா' கிடைக்கும் என்று ஆசைப்பட்டேன். 'ரயில்' என்றாலும் சரிதான். அவர் கொடுத்தது 'நன்றி'.

"அந்தக் காலத்துல நன்றின்னு அவ்வளவா போட மாட்டாங்க கௌரி. வந்தனம்னு போடுவாங்க. ரெண்டையும் சேத்தே பாருங்க" என்றார்.

நன்றியா? எனக்கா? அக்காவிடம் இன்னும் அந்த ஒரு சொல்லைச் சொல்லி முடிக்காதவளுக்கா?

6 மார்ச்

சொல்லிப் பார்க்காமல் இல்லை. இரண்டு தடவை முயன்றேன்.

முதல் தடவை ஆஸ்பத்திரியில். அக்கா ருக்குமணி என்னைவிட ஆறு வயது மூத்தவள். பாலத்துக்கு அந்தப் பக்கம், புக்கிட் மெர்தாஜாமில், பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் பள்ளிக்கூடக் கெண்டீன் நடத்துகிறாள். தன் இரண்டு சிறுநீரகங்களில் ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து என் அறை வாசலுக்கு வந்தாள். நான் "அக்கா, ரொம்ப நன்றி..." என்று ஆரம்பித்தேன். "வாயக் கழுவுடி. நான் என்ன மூணாம் மனுசியா?" என்று அங்கிருந்தே திட்டினாள். தையல் வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திவிட்டாள்.

இரண்டாம் தடவை பொங்கலன்று. அழுதுகொண்டே சொன்னேன். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

இன்னொரு கட்டளையும் உண்டு. அவள் கொடுத்தாள் என்று யாருக்கும் தெரியக் கூடாது. "தெரிஞ்சா என்னய நோயாளியா பாப்பாங்க. பள்ளிக்கூடத்துல கெண்டீன வேற யாருக்காச்சும் குடுத்துருவாங்க லா" என்கிறாள். அவளுக்கு என்னவோ கர்ப்பப்பை ஆபரேஷன் என்று உறவுக்காரர்களிடம் சொல்லியிருக்கிறோம்.

15 மார்ச், சனி

சொல் வேலை பிடித்துப்போய்விட்டது. காலையில் மாத்திரை போட்டதும் உட்கார்ந்தால் மதியம் வீட்டுக்காரர் வந்து மடிக்கணினியை மூடும்வரை எழுவதில்லை.

நாச்சியப்பன் அண்ணன் சொன்னது சரி. பழைய தாள்களில் எங்கு பார்த்தாலும் வந்தனம். பொதுக்கூட்டச் செய்தி எல்லாமே ஒரே மாதிரி முடிகிறது: "காரியதரிசி வந்தனோபசாரம் கூற, கூட்டம் இனிது கலைந்தது." அன்றைக்கும் அப்படித்தானா! இன்றைக்கும் நன்றியுரை என்று மைக்கில் சொன்னதும் பாதிக் கூட்டம் மீஹூன் நூடுல்ஸ் தட்டுப் பக்கம் போய்விடும்.

ஆனால் எனக்குப் பிடித்தவை பொடி எழுத்தில் வரும் வாசகர் அறிவிப்புகள். 1931-இல் ஒருவர்: "நிபோங் திபால் ரயிலில் யான் மறந்து வைத்துவிட்ட குடையை வீடு தேடிக் கொணர்ந்து கொடுத்த கனவானுக்கு அநேக வந்தனம். அன்னார் பெயரைக் கேட்டுக்கொள்ள மறந்தமைக்கு மன்னிக்கவும்." ஒரு குடைக்கு! பேர் தெரியாத ஆளுக்கு! காசு கொடுத்துப் பேப்பரில் போட்டிருக்கிறார்.

ஒரு மாத இதழின் ஆசிரியர்: "சென்ற இதழில் அச்சுப் பிழைகள் மலிந்திருந்தும் பொறுத்தருளிய நேயர்களுக்கு வந்தனம். இவ்விதழிலும் அவ்வண்ணமே பொறுத்தருள வேண்டுகிறோம்." இந்த மனிதரை எங்கள் ஃபேக்டரியில் சேர்த்திருந்தால் முதல் நாளே என்னிடம் மாட்டியிருப்பார்.

இரட்டைப் பிள்ளை பெற்ற ஒரு வீட்டார் மருத்துவச்சிக்கு வந்தனம் சொல்கிறார்கள். தீப்பிடித்த கடைக்குத் தண்ணீர் ஊற்றிய சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் கடைக்காரர் வந்தனம் சொல்கிறார். எல்லாம் உயிரோடு இருக்கிறவர்கள் உயிரோடு இருக்கிறவர்களுக்குச் சொன்னது. படிக்கப் படிக்க மனசு லேசாகிறது. எத்தனை பேருக்கு எத்தனை பேர் உதவியிருக்கிறார்கள் இந்த ஊரில்.

அக்கா மத்தியானம் வந்தாள். உப்புக் குறைத்து வைத்த மீன் குழம்பு, தனியாக டப்பாவில். நான் குடைக்காரரை வாசித்துக் காட்டினேன்.

"ஏன்லா அந்தாளுக்கு வேற வேலை இல்லையா?" என்றாள்.

28 மார்ச்

இன்று ஒன்றைப் படித்துக் கோபம் வந்தது.

1936. ஜார்ஜ்டவுனில் சோலைமலை என்று ஒருவர். டைபாய்டு வந்து பிழைத்திருக்கிறார். நீளமான வந்தன அறிவிப்பு. வைத்தியம் பார்த்த டாக்டருக்கு வந்தனம். ஐஸ் கொடுத்து உதவிய கடைக்காரருக்கு வந்தனம். ரிக்ஷாக்காரருக்கு, பக்கத்து வீட்டு நாயருக்கு, கோயிலில் அர்ச்சனை செய்தவருக்கு, எல்லாருக்கும். "அடியேனையும், இரவு பகலாய் அடியேன் அருகிருந்த தமக்கையாரையும் ஆதரித்த அனைவருக்கும்" என்று முடிக்கிறார். இரவு பகலாய் அருகிருந்த அந்தத் தமக்கைக்கு ஒரு வந்தனம்? கிடையாது! கீழே "இங்ஙனம்" என்று போட்டு, சோலைமலை என்று தன் பெயர், அதன் பக்கத்தில் "தமக்கை வள்ளியம்மை."

அவ்வளவுதான். ஐஸ் கடைக்காரருக்கு உள்ள மரியாதைகூடக் கூடப்பிறந்தவளுக்கு இல்லை.

குறிப்புப் பகுதியில் "ஆண்பிள்ளைப் புத்தி" என்று தட்டச்சு செய்து அனுப்பிவிட்டேன். நாச்சியப்பன் அண்ணன் ஒரு சிரிப்புப் படம் மட்டும் பதிலுக்கு அனுப்பினார்.

17 ஏப்ரல்

போருக்குப் பிறகு வந்தனம் குறைகிறது. ஐம்பதுகளில் நன்றி மெல்ல மெல்ல ஏறி, அறுபதுகளில் வந்தனம் மேடையோடு நின்றுவிடுகிறது. எங்களிடம் உள்ள பத்திரிகைப் படங்களும் அறுபதுகளோடு முடிகின்றன.

தன் வீட்டு ஆளுக்குப் பேப்பரில் வந்தனம் போட்டவர் ஒருவராவது இருக்கிறாரா என்று தனியாகத் தேடிப் பார்த்தேன். பெண்டாட்டிக்கு, தம்பிக்கு, அக்காளுக்கு. ஒருவர்கூட இல்லை. எல்லாம் நன்றி கெட்ட கூட்டம்.

7 மே

முடிவு செய்துவிட்டேன். நான் போடுகிறேன்.

வாயால் சொன்னால்தானே திட்டுவாள்? அச்சில் வந்துவிட்டால் என்ன செய்ய முடியும்? வருகிற வாரம் ஆபரேஷன் நடந்து ஆறு மாதம். அந்தக் கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் பெரிதாக, படத்தோடு. குடைக்கே போட்டிருக்கிறார்கள்.

சிறுநீரகம் என்று எழுதக் கூடாது, அது அவள் கட்டளை. மற்றபடி மனசில் இருப்பதை எழுதலாம். எழுதி எழுதி அடித்தேன். கடைசியில் வந்தது இது:

"எங்கள் குடும்ப விளக்கு, அன்பே உருவான அக்காள் திருமதி ருக்குமணி ஜெயராஜ். 14.11.2024. தங்கள் தியாகத்தை என்றென்றும் மறவோம். அன்புத் தங்கை கௌரி."

படத்துக்கு, போன வருடம் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் அவளுக்கு மாலை போட்டு மரியாதை செய்தார்களே, அது. பட்டுப்புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். அக்கா இவ்வளவு லட்சணமாக வேறு எந்தப் படத்திலும் இல்லை. பக்கத்தில் நின்ற தலைமையாசிரியரை வெட்டி எடுத்துவிட்டு அவளை மட்டும் வைத்தேன்.

வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அக்கா காதுக்குப் போய்விடும்.

9 மே

விளம்பரம் பிடித்துத் தரும் ஜாஹிர் தம்பியோடு போனில் பேசினேன். நல்ல பையன், ரொம்பத் தன்மையாகப் பேசினான். நான் தலைப்பில் "வந்தனம்" என்று எழுதியிருந்தேன்.

"வந்தனம்லாம் இப்ப யாரு அக்கா போடுறா? படிக்கிறவங்களுக்குப் புரியாது. நன்றி நவிலல்னு போட்டுடுவோம்."

எனக்கு மனசே இல்லை. இத்தனை நாள் அந்தச் சொல்லோடேயே கிடந்திருக்கிறேன். ஆனாலும் அவன் தொழில் அவனுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

"அந்தத் தேதியிலதான் நடந்துச்சா அக்கா?"

"ஆமா தம்பி. கே.எல். ஆஸ்பத்திரியில. நான் இப்பதான் எழுந்து நடமாடுறேன். அதான் இவ்வளவு லேட்டு."

"புரியுது அக்கா. மனசத் தேத்திக்கிங்க. உடம்பப் பாத்துக்கிங்க."

முன்பின் தெரியாத பிள்ளை, என் உடம்பைப் பற்றி எவ்வளவு அக்கறை! இவனுக்கே ஒரு வந்தனம் போடலாம்.

18 மே, ஞாயிறு

ஐயோ.

ஐயோ கௌரி, என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய்?

19 மே

இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

நேற்றுக் காலையில் முதல் போன் என் வீட்டுக்காரரின் அண்ணன் வீட்டிலிருந்து. "கௌரி, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா? ஆறு மாசமா மறைச்சு வச்சிருக்கீங்களே" என்று அழுகை. அக்கா எனக்குக் கொடுத்த விஷயம் தெரிந்துபோய் நெகிழ்ந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, "அக்காதான் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க" என்றேன்! அந்தப் பக்கம் அழுகை இன்னும் பெரிதாகிவிட்டது.

அவர் கீழே போய்ப் பேப்பர் வாங்கி வந்தார். விரித்தார். அப்படியே என் முன்னால் வைத்தார்.

அக்கா. கழுத்தில் மாலை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. மேலே நன்றி நவிலல், கீழே தேதி. அந்தப் பக்கம் முழுக்க அதே மாதிரி மாலை போட்ட படங்கள். வலது பக்கத்தில் ஒரு தாத்தாவின் நினைவாஞ்சலி, இடது பக்கத்தில் கருமக்கிரியை அழைப்பு.

எனக்குத் தெரியாதா? நம் பேப்பரில் படத்தோடு நன்றி நவிலல் என்றால் படத்தில் இருப்பவர் போய்ச் சேர்ந்துவிட்டார், துக்கத்துக்கு வந்தவர்களுக்கு வீட்டார் நன்றி சொல்கிறார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்பா போனபோது நானே போட்டேன். இரண்டு மாதமாக 1931-இலும் 1936-இலும் குடியிருந்துவிட்டு, இன்றைய பேப்பரை எட்டிக்கூடப் பார்க்காமல் விட்டுவிட்டேன். போர்டில் மயிரிழை விரிசலைப் பிடிக்கிற கண்ணாம்! மாலை கண்ணுக்குத் தெரியவில்லையே.

அங்கே நடந்ததை அத்தான் போனில் சொன்னார். அக்கா வீட்டுக்காரர் ஜெயராஜ் அத்தான் காலைப் பலகாரத்துக்கு ரொட்டி சானாய் வாங்கப் போயிருக்கிறார். கடையில் ஒருவர் கட்டிப்பிடித்து, "அண்ணே, எப்படிண்ணே தாங்குறீங்க?" என்று அழுதிருக்கிறார். ரொட்டி விலை ஏறிவிட்டதைச் சொல்கிறார் என்று நினைத்தாராம் அத்தான். அவர் வீடு திரும்புவதற்குள் வாசலில் கூட்டம். பைராம் தோட்டத்திலிருந்து சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்துவிட்டார்கள். பேட்டைப் பையன்கள் யாரையும் கேட்காமல் வாசலில் கூடாரம் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

அக்காதான் கதவைத் திறந்திருக்கிறாள். கையில் தோசைக் கரண்டியோடு.

நான் போன் செய்தேன். ஒரே ஒரு தடவைதான் எடுத்தாள். "உசுரோட இருக்கிறவளுக்கு மாலை போட்டுட்டியேடி" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

21 மே

அக்கா போனை எடுக்கவில்லை.

22 மே

எடுக்கவில்லை. ஜாஹிர் தம்பிதான் மூன்று தடவை கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டான். உன் மேல் தப்பில்லை தம்பி என்றேன். அவனுக்கு அழுகை வந்துவிட்டது, எனக்கும்.

24 மே, சனி

அத்தான் தனியாக வந்தார். ஃபெரிக் கப்பலில் வந்தாராம். காற்று வாங்க வேண்டும்போல் இருந்தது என்றார். மீன் குழம்பு டப்பா இல்லை.

"கோவம் இல்ல கௌரி. பயம்" என்றார்.

"எதுக்குப் பயம் அத்தான்?"

"ஆபரேஷனுக்கு முன்னாடியே இருந்துச்சு. உன்கிட்டக் காட்டக் கூடாதுன்னு இருந்தா. இப்பக்கூட தினம் பிரஷர் பாக்குறா, கால் வீங்குதான்னு அமுக்கிப் பாக்குறா. டாக்டர் ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கீங்கன்னுதான் சொல்றாரு. கே.எல்.ல தியேட்டருக்குள்ள போறதுக்கு முன்னாடி என் கையப் பிடிச்சு என்ன சொன்னா தெரியுமா? 'எனக்கு எதுனா ஆயிட்டா கௌரிகிட்ட இதனாலன்னு சொல்லாதீங்க. வேற எதாச்சும் வியாதின்னு சொல்லிடுங்க. பாவம், அவ சாப்பிட மாட்டா.' அப்படிப்பட்டவ தன் படத்த மாலையோட பேப்பர்ல பாத்தா எப்படி இருக்கும்?"

நான் அவர் முன்னாலேயே அழுதேன். அவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டா அன்றைக்கு வாசலில் நின்று என்னைத் திட்டினாள்? அவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டா குழம்பில் உப்புக் குறைத்தாள்? எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆறு மாதமாக என் நன்றியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன், அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு நாள் உட்காரவைத்துக் கேட்டேனா?

போகும்போது அத்தான் சொன்னார். "பள்ளிக்கூட லீவு வருது. கெண்டீன் இருக்காது. நேரா வா. போன் பண்ணாத."

31 மே, சனி

போனேன். வீட்டுக்காரர் காரை ஓட்டினார். பாலம் நெடுக அவர் ஓட்டுவதில் நான் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. பயந்துபோய் இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அக்கா அடுப்படியில் சம்பாலுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். முதல் வார்த்தை:

"மாஸ்க்கு எங்கடி?"

கார் வரைக்கும் போய் எடுத்து மாட்டிக்கொண்டு வந்தேன். அதற்குள் எனக்காக மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டிருந்தாள்.

"அக்கா, தெரியாம செஞ்சிட்டேன்."

"தெரியும்."

"உனக்குப் பயமா இருக்குன்னு ஏன் என்கிட்டச் சொல்லல?"

கத்தியை வைத்துவிட்டாள். "சொன்னா என்ன செய்வ? திருப்பிக் குடுத்துருவியா?" என்றாள். அப்புறம் மெதுவாக, "பயந்துட்டேன்டி. அந்தப் படத்தப் பாத்ததும், ஆமா, இது நடந்திருக்கலாம்தானேன்னு ஆயிருச்சு. ரெண்டு நாளு படுக்கையில இருந்து எழுந்திருக்கல" என்றாள்.

நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றேன். தொட்டால் திட்டுவாளோ என்று நினைத்தேன். திட்டவில்லை. வெங்காயக் கையோடு என் தலையைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதோம். வெங்காயத்தின் மேல் பழி போட வசதியாக இருந்தது.

அதற்கப்புறம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையை அவள் வாயால் கேட்டேன்.

வந்தவர்கள் அவளைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்களாம். மாலை கொண்டுவந்தவர்கள் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்களாம். போட்ட கூடாரம் போட்டபடி இருக்கட்டும் என்று, அதற்குக் கீழேயே எல்லாரையும் உட்காரவைத்துத் தேத்தண்ணி கலந்து கொடுத்திருக்கிறாள். கோபமாகத்தான் கொடுத்தேன் என்கிறாள். நம்புகிறேன்.

"ஹரீஷ்னு ஒரு பையன்டி. இப்ப கூலிம் டவுன்ல என்ஜினியராம். எனக்கு முகமே ஞாபகம் இல்ல. என்னயப் பாத்ததும் ரோட்டுலயே குந்திட்டான். 'அக்கா, நாலாம் ஆண்டு முழுக்க எனக்குக் காசு வாங்காம நாசி லெமாக் சோறு குடுத்தீங்களே, அப்பா வேலை இல்லாம இருந்தப்ப'ன்றான். நான் எத்தனை பேருக்குக் குடுத்திருப்பேன், எனக்கு எங்க ஞாபகம்? அவன் ஞாபகம் வச்சிருக்கான். முட்டை பெருசா பாத்து வைப்பீங்களேன்னு சொல்றான்டி."

சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அப்படி ஒவ்வொருவராகச் சொன்னாள். செத்துப்போனவளிடம் சொல்ல முடியாமல் போயிற்றே என்று வந்தவர்கள், அவள் எதிரே நின்றதால் அவளிடமே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். சாயங்காலம் வரைக்கும் வந்துகொண்டே இருந்தார்களாம்.

"என் சாவுக்கு யாரு யாரு வருவாங்கன்னு பாத்துட்டேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யாரு வரலன்னும் பாத்து வச்சிருக்கேன்."

சாப்பிட்ட பிறகு தாளும் பேனாவும் எடுத்து வரச் சொன்னாள். அவ்வளவு பேரும் வந்து போனபிறகு சும்மா இருந்தால் நன்றாக இருக்காதாம். அவளே போடுகிறாளாம். பேப்பரில். நன்றி நவிலல் என்றே.

"அக்கா, வந்தனம்னு போடலாமே. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க" என்றேன்.

"போதும்டி உன் ஆராய்ச்சி. எழுது."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். பைராம் தோட்டத்து வேன், கூடாரம் போட்ட பையன்கள், ஹரீஷ், ரொட்டிக் கடையில் அத்தானைக் கட்டிப்பிடித்தவர். ஒருவர் விடவில்லை. முடித்து வாசித்துக் காட்டினேன். அப்புறமும் பேனாவை மூடாமல் வைத்திருந்தேன். கேட்கலாமா வேண்டாமா என்று இருந்தது. கேட்டுவிட்டேன்.

"என் பேரு இல்லையே அக்கா? என்னாலதானே இவ்வளவு பேரும் வந்தாங்க?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வீட்டு ஆளுக்கு யாராச்சும் நன்றி போடுவாங்களா? நீ அன்னைக்கு நன்றி நன்றின்னு ஆரம்பிச்சப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? உன் வீட்டுக்கு நான் இனிமே விருந்தாளியா வரணுமான்னு இருந்துச்சு."

பேனாவை மூடினேன். டப்பாவில் குழம்பு ஊற்றிக் கொடுத்தாள்.

8 ஜூன், ஞாயிறு

காலையில் வீட்டுக்காரர் பேப்பர் வாங்கி வந்தார். வாங்கும்போதே பார்த்துவிட்டார்போல. என் கையில் கொடுக்கும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

நினைவாஞ்சலிப் பக்கம் இல்லை. ஜாஹிர் தம்பி சொல்லிவைத்து மூன்றாம் பக்கத்தில் வாங்கிக் கொடுத்திருக்கிறான். மாலை இல்லாத படம். கெண்டீனில் கரண்டியும் கையுமாக அக்கா சிரிக்கிறாள்.

"நன்றி நவிலல். கடந்த 18.5.2025 அன்று நான் காலமாகிவிட்டதாக எண்ணி, எங்கள் இல்லத்துக்கு நேரில் வந்தும் தொலைபேசியில் அழைத்தும் கண்ணீர் விட்ட உற்றார் உறவினர், அண்டை அயலார், என் கெண்டீன் பிள்ளைகள், பைராம் தோட்டத்திலிருந்து வேனில் வந்தவர்கள், கேட்காமலே கூடாரம் போட்ட இளைஞர்கள், என் கணவரைத் தேற்றிய நண்பர், மாலையை மறைத்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துச் சென்றவர்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நான் நலம். பள்ளி திறந்ததும் கெண்டீன் வழக்கம்போல் நடக்கும்."

இது வரைக்கும் நான் எழுதியது. இதற்குக் கீழே இருப்பதை நான் எழுதவில்லை. அக்காவே ஜாஹிரைக் கூப்பிட்டுச் சேர்க்கச் சொல்லியிருக்கிறாள்.

"இங்ஙனம்,
ருக்குமணி,
தங்கை கௌரி."

அத்தான் பேர்கூட இல்லை. நாங்கள் இரண்டு பேர்தான்.

நன்றி சொல்கிற பக்கத்தில், அவளோடு நான். அப்புறம் மடிக்கணினியைத் திறந்து நாச்சியப்பன் அண்ணனுக்கு எழுதினேன். 1936, சோலைமலை, டைபாய்டு. அந்த அறிவிப்புக்கு நான் போட்ட குறிப்பைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நான் தப்பாகப் படித்துவிட்டேன். வள்ளியம்மையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது.

பிறகு அக்காவுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன். நீ பிரஷர் பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன். நல்லா இருக்கு."

"சனிக்கிழமை வர்றியா?"

"வராம? மீன் வாங்கி வைக்காத, நானே கொண்டாறேன்."

சரி என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.